நைஞ்சு போயிருக்கா

நைதல் என்ற சொல் எங்கள் அடுக்களையில் நல்ல சொல். கீரை நைய வெந்தால்தான் மசியும். புடவை மடிப்பில் நைந்தால் தூக்கி எறிய மாட்டோம். ஒட்டுப் போட்டு உடுத்துவோம், அப்புறம் தூளிக்கு ஆகும். கிழிந்த துணிக்கு ஆணியோ முள்ளோ காரணம் இருக்கும். நைந்த துணி உழைத்த துணி. அதை யாரும் இகழ்ந்து நான் கேட்டதில்லை.

கல்யாணமாகிக் கல்கத்தாவில் பவானிபூருக்கு வந்த சில வருஷங்களில் இரண்டு குழந்தைகளைப் பெற்று இரண்டையும் பறிகொடுத்தேன். என் கணவர் அலிப்பூரில் சர்க்கார் குமாஸ்தா, அதிகம் பேசாதவர். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளைத் தீதி என்று கூப்பிடுவேன். அவள் ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, உடம்பு ஜீர்ணமாகிவிட்டதே என்றாள். நம்முடைய ஜீரணம் என்று நினைத்து, வயிற்றுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்றேன். அவள் பாஷையில் அதற்கு நைந்து போவது என்று அர்த்தமாம். தன் பழைய புடவைத் தலைப்பை விரித்துக் காட்டிப் புரியவைத்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

அந்தத் தை மாதம் அண்ணா காளிகாட் தரிசனத்துக்கு வந்திருந்தார். கூடத்தில் என் கணவர் அவரிடம் சொன்னது அடுக்களைக்குள் கேட்டது.

"ரொம்ப நைஞ்சு போயிருக்கா. கொஞ்ச நாள் ஊர்ல இருந்து தேறட்டும்."

கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். வாய் திறவாத மனுஷர் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. மறுவாரம் அண்ணாவோடு ரயிலேறினேன்.

ஊரில் மன்னி லேகியம் கிளறிக் கொடுத்தாள். உடம்பு தேறியது. கல்கத்தாவுக்கு எப்போது என்று கேட்கும்போதெல்லாம் அண்ணா மழை என்றார், நாள் சரியில்லை என்றார், துணை இல்லை என்றார். கடைசியில் அந்தப் பக்கம் போகிற ஒரு குடும்பத்தோடு நானே கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பவானிபூர் வீட்டில் கதவைத் திறந்தவள் என்னைவிட இளையவள். கழுத்தில் புதுச் சரடு, மஞ்சள் மாறவில்லை. யாரென்று கேட்டாள். சொன்னதும் பயந்து பின்வாங்கினாள்.

"அக்கா, உங்களுக்கு இப்போ தேவலையா?"

எனக்குச் சித்தம் நைந்துவிட்டது, இனித் திரும்ப மாட்டேன் என்று அவள் வீட்டில் சொல்லிப் பெண் கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்ததும், அண்ணாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"அவர் சம்மதிச்சப்புறம்தான் பண்ணிண்டேன்," என்றார், செருப்பைக் கழற்றியபடி. "வம்சம் வேண்டாமா?"

கணவர் செய்ததைப் பலபேர் செய்தார்கள், அதையாவது விழுங்கலாம். ஆனால் அன்று கூடத்தில் இரண்டு பேருமாகப் பேசி முடித்துவிட்டுத்தான் அந்த இதமான சொல்லை என் காதில் விழும்படி சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே நின்று உருகிக்கொண்டிருந்தேன்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. வேறு போக்கிடமும் இல்லை, அங்கேயே இருந்தேன். அந்தப் பெண்ணோடு எனக்குச் சண்டை வரவில்லை. அவளையும் ஏமாற்றித்தானே கொண்டுவந்தார்கள்? அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினோராம் நாள் புண்யாகவாசனம் நடந்தபோது அண்ணா வந்தார். பரிமாறினேன்.

"என்னோட பேச மாட்டியா?" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே.

மோர் விடட்டுமா என்று கேட்டேன். அவரோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.