முதல் வரிசையில் நடு நாற்காலி

நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் மீன் வாங்கப் போகும்போது இன்னமும் ஒரு தவறு செய்துவிடுகிறேன். காலையில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. தைப்பிங்கில் நாம் ஒருவரையொருவர் அப்படித்தானே விசாரிப்போம், பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டோம். போன வாரம் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "நான் பசியா கீறேன்னு உன்னாண்ட யாருமா சொன்னது?" என்றாள். பக்கத்தில் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தவள் சமாதானம் செய்தாள். "வுடுக்கா, அது சிலோன்காரம்மா." மலேசியா என்று திருத்தினேன். "எல்லாம் கடலுக்கு அந்தாண்டதானே? மீனு இன்னா, அரை கிலோவா ஒரு கிலோவா?"

இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். அங்கே இருந்தவரை நான் தமிழச்சி. மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடுவில் அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த கத்தோலிக்கக் குடும்பத்தில் சேவியருக்குக் கழுத்தை நீட்டி, தமிழர்களுக்கு நடுவில் வந்து இறங்கிய பிறகுதான் என் தமிழ் வெளியூர்த் தமிழ் ஆயிற்று. காரை 'காடி' என்றால் சிரிப்பு. வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' தவறி விழுந்தால் அதற்கும் சிரிப்பு. கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

என் கணவரின் மூத்த அக்கா பிலோமினா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலம் வந்தால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள், அதற்கு எழுத்து, இயக்கம், அதட்டல் எல்லாமே அண்ணிதான். நான் வந்த மூன்றாம் வருஷம் எனக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்தாள். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நிற்கும் சீடரைப் பார்த்து, பேச்சைக் கேட்டாலே நீ வெளியூர் ஆள் என்று தெரிகிறதே என்று வேலைக்காரி ஒருத்தி சொல்ல வேண்டும். ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

சின்ன வயதில் தமிழ்ப்பள்ளி மேடையில் நான் பெரிய ஆள். ராஜா வேஷம், திருடன் வேஷம், எது கொடுத்தாலும் தொண்டை கிழியக் கத்துவேன். தைப்பிங் மழை தகரக் கூரையில் கொட்டினாலும் கடைசி வரிசைவரை என் குரல் கேட்கும் என்று ஆசிரியர் சொல்வார். மேடையிலிருந்து இறங்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருக்கும், ராத்திரிச் சாப்பாடே வேண்டியிருக்காது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துக்கொண்டுதான் அன்று கோயில் வளாகத்தில் ஏறினேன். வசனத்தைச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "யாரைச் சொல்றீங்க மேடம், உங்களையா?"

கூட்டம் குலுங்கியது. கை கட்டப்பட்டு விசாரணைக்கு நின்ற ஆண்டவரே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதைக்கூட மன்னித்திருப்பேன். திரைக்குப் பக்கத்தில் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். அந்த வசனத்தை எனக்கென்று பொறுக்கி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். இறங்கி வந்ததும், "நான் தப்பா சொல்லலம்மா, உன் நாக்கு அப்படி. அடுத்த வருஷத்துல இருந்து துணிமணிய நீ பாத்துக்கோ" என்றாள். அதோடு விட்டாளா? ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், அடக்கம் முடிந்து கொடுக்கிற காப்பி என்று நாலு பேர் கூடிய இடமெல்லாம் இந்தக் கதைதான். "ஸ்டெல்லா, அதை ஒருக்கா சொல்லிக் காட்டேன்" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவேன். அக்கா விளையாட்டுக்குத்தானே சொல்றா என்பார் சேவியர். பதினேழு வருஷம் ரோமானியப் படைவீரர்களின் சிவப்பு அங்கிகளுக்கு இஸ்திரி போட்டேன். கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் சிவப்புத் துணிக்கு ஜரிகை வாங்க தி. நகர் போனேன். பட்டன், லேஸ் விற்கிற அந்தக் கடையை நூர்ஜஹான் என்ற பெண் அப்பாவுக்குப் பிறகு நடத்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். உள்ளே அம்மாவோடு உருதுவில் சண்டை போட்டுக்கொண்டே எனக்கு ஜரிகை அளந்தாள்.

"டிராமாவுக்கா அக்கா? யாரு, நீங்களா நடிக்கிறது?"

"இல்ல, நான் இஸ்திரி போடற ஆளு."

அவள் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேச வைத்துக் கேட்டாள். பிறகு, "சனிக்கிழமை சாயங்காலம் அடையாறு வாங்க. நாங்க சின்னதா ஒரு குரூப் வெச்சுக்கினு கீறோம். ஆள் வேணும்" என்றாள். ஆள் என்றால் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதானே? பையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட கூடம், சுவரெல்லாம் கறுப்புத் துணி, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. நூர் பெட்டியைப் பார்த்தாள். "இத்த ஏன்கா தூக்கிக்கினு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அதை மூலையில் வைத்தாள். அன்றைய பயிற்சி, பிடிக்காத ஒருவரை அந்த இடத்துக்குக் கூட்டி வருவது. அவரைப்போலவே நடந்து, உட்கார்ந்து, பேச வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. கைக்குட்டையை அண்ணியைப்போலக் கடிகார வாருக்குள் செருகினேன். தாடையைத் தூக்கி, எதிரே நின்ற பையன் ஒருவனை மேலும் கீழும் பார்த்தேன். "நான் தப்பா சொல்லலம்மா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பதினேழு வருஷமாக வயிற்றுக்குள் இருந்தவள் அத்தனை பேர் முன்னால் இறங்கி நடந்தாள். என் வாயிலிருந்து வந்தது சுத்தமான மயிலாப்பூர் டீச்சர் தமிழ், மருந்துக்கும் ஒரு 'லா' இல்லை. அவர்கள் சிரித்த சிரிப்பில் நான் திரும்பவும் தமிழ்ப்பள்ளி மேடையில் நின்றேன். வீட்டுக்கு வரும்போது உடம்பு லேசாக இருந்தது. பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன், ஐம்பது வயதில். மறுநாள் மீன் ஆயும்போதும் பாட்டுத்தான். சேவியர் காய்ச்சலா என்று கேட்டார்.

நூர் அந்தப் பாத்திரத்தைச் சுற்றியே ஒரு நாடகம் எழுதினாள். புதிதாக வந்த வெளியூர் மருமகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற பெரிய டீச்சர். பாத்திரம் யார் என்று நூரிடம் நான் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஞாயிறு பூசைக்குப் பிறகு அண்ணியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். எப்படி இருமுகிறாள், எப்படிக் காப்பியை ஊதுகிறாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். "இப்பதான் ஸ்டெல்லாவுக்கு என் மேல பாசம் வந்திருக்கு" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குக் கிடைத்தது அறுபது நாற்காலி, போதும். முதல் வரிசையில் நடு நாற்காலியில் அண்ணியின் பெயரை நானே எழுதி ஒட்டினேன். அவளுக்கு இரண்டு பக்கமும் பங்குப் பெண்கள் எட்டுப் பேர், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவர்கள். ஒருவரையும் விடாமல் நேரில் போய்க் கூப்பிட்டேன்.

சின்ன அரங்கில் தனி மேடை கிடையாது. கையை நீட்டினால் முதல் வரிசையைத் தொடலாம், அவர்கள் முகமும் நமக்குத் தெரியும். நான் உள்ளே வந்து தாடையைத் தூக்கியதும் எட்டுப் பேரும் சிரித்தார்கள், அண்ணியும் சிரித்தாள். கைக்குட்டையை வாரிலிருந்து உருவி மூக்கைத் துடைத்துத் திரும்பச் செருகினேன். எட்டுத் தலையும் ஒன்றாக நடு நாற்காலிப் பக்கம் திரும்பின. அண்ணியின் சிரிப்பு மெல்ல அடங்கிற்று. தன் மணிக்கட்டிலிருந்த கைக்குட்டையை எடுத்து, சத்தமில்லாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன். அந்த நொடியில் இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. மீதி நாற்பது நிமிஷமும் அவளைப் பார்த்துத்தான் நடித்தேன்.

முடிந்ததும் போய்விடுவாள் என்று நினைத்தேன். எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

"நல்லா பண்ண."

"தேங்க்ஸ் அண்ணி."

"ஆனா நான் அவ்வளவு வேகமா பேசமாட்டேன். குத்தற வார்த்தைக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துவேன். அடுத்த தடவை கவனி."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்த முறை நாடகம் போட்டபோது அவள் சொன்ன இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். சிரிப்பு இரண்டு மடங்காக வந்தது. அதற்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் பழைய கதையை அவள் எடுத்ததில்லை. இப்போது காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் ஓடுவது வேறு கதை.

வெற்றியை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? தைப்பிங்கில் இருக்கும் தங்கை லூர்துக்கு நாடகத்தின் வீடியோவை அனுப்பினேன். சின்ன வயதில் என் எல்லா நாடகத்துக்கும் முன்னால் உட்கார்ந்து கைதட்டியவள். மறுநாள் வீடியோ காலில் வந்தாள்.

"நல்லா இருக்கு லா. ஆனா உன்னைத்தான் காணோம். நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்."

"அடி லூசு, அந்த டீச்சரே நான்தாண்டி. முகத்தைப் பாத்துமா தெரியல உனக்கு?"

"முகம் உன்ன மாதிரி இருந்துச்சு லா. ஆனா குரலு இல்லையே?"

"நான் தப்பா சொல்லலம்மா, ஒழுங்கா உக்காந்து முழுசா பாத்தியா நீ?"

லூர்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப பேசறதும் அந்த அம்மாதானா அக்கா?"

நான் நடித்துக்காட்டவில்லை. சும்மாதான் பேசினேன். பதில் சொல்ல வாயைத் திறந்து, எங்கள் வீட்டில் இதற்கு எப்படிச் சொல்வோம் என்று தேடினேன். வரவில்லை.

"ஏன் லா பேசமாட்டேங்கற? கோவமா?"

"இல்ல. நீ பேசு" என்றேன். "என்னவாச்சும் பேசிட்டே இரு."

அவள் பேசினாள். மழை விடாமல் பெய்கிறதாம், காடி நடு ரோட்டில் நின்றுவிட்டதாம், இன்னும் பசியாறவில்லையாம். திரையின் மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால், சத்தம் வராமல், என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.