வரகுச் சோறு தின்ற காலம்

எழுபதுகளின் கடைசியில் நான் அரியலூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி குன்னத்துக்காரி, நல்ல பருமன். திருச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "மொதல்ல உடம்பக் கொறச்சுட்டு வாம்மா. அப்புறம் மருந்தப் பத்திப் பேசலாம்" என்றார்.

ஊர் திரும்பியதும் அவள் பட்டினியில் இறங்கினாள். பகலெல்லாம் வெறும் மோர். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாறு, பிறகு கொள்ளுக் கஞ்சி மட்டும். இரண்டொரு நாள் தாங்குவாள். அப்புறம் சட்டியில் இருக்கும் பழையது முழுவதையும் தின்றுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுவாள். ஒருநாள் கடைத்தெருவில் மயங்கி விழுந்தாள். காய்கறிக் கடைக்காரர்தான் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்.

அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "பசியோட கெடந்தா மறுநா ரெண்டு பங்கு தின்னுடறேங்க. வயிறு காயவும் கூடாது, முட்டவும் கூடாது. தெனமும் முடியுற மாதிரி ஒண்ணு பண்ணணும்" என்றாள்.

மதியம் மட்டும் அரிசிச் சோறு, அதையும் மறுசோறு இல்லாமல். சோற்றைவிடக் கீரையும் சுரைக்காயும் அதிகம். இரவுக்கு, அவள் அப்பா குன்னத்திலிருந்து அனுப்பும் வரகு. காபியில் சர்க்கரை கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் சாப்பிடுவாள். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்கமாட்டாள், வழக்கத்துக்குத் திரும்பிவிடுவாள். எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து நடந்தே போவாள். எனக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருவரும் ஒன்றையே சாப்பிட்டோம்.

உடம்பு மெல்லத்தான் இறங்கியது. அடுத்த பொங்கலுக்குள் ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாள். அந்தக் கோடையில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே கொறைக்க வேணாம், நல்லா சாப்பிடு" என்றார். பாலும் முட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

ஏழாம் மாதத்தில் வலி கண்டது. திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெண் குழந்தை. சாயங்காலம் வரை மூச்சு இருந்தது.

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. யார் தப்பும் இல்ல" என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். ஆனால் துக்கம் கேட்க வந்த என் அக்கா, கூடத்தில் நாலு பேர் கேட்க, "வரகையும் தழையையும் தின்னா வயித்துல புள்ள எப்படி தங்கும் தம்பி?" என்றாள்.

"டாக்டரே அது காரணமில்லன்னுட்டாங்கக்கா."

"அவங்களா பெத்தாங்க?"

உள்ளே படுத்திருந்த என் மனைவிக்கு அது கேட்டிருக்கிறது. அக்கா போன பிறகு எழுந்து வந்து தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டாள். தின்று முடித்து மறுபடியும் போட்டாள்.

"போதும்மா" என்றேன்.

"அப்பவே இப்படித் தின்னுருக்கணுங்க" என்றாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

குறைந்த உடம்பு ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டது. டாக்டர் சொன்னதை எத்தனையோ விதமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள். நானே வரகு வடித்து வைத்தால் மட்டும், "அது வேணாங்க" என்று தட்டை நகர்த்திவிடுவாள். மறுபடி திருச்சிக்குக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

சில வருடம் கழித்து ஒரு மழை நாளில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "அவளுக்கு நாம பேரே வைக்கலீங்க" என்றாள்.

"இப்ப வைக்கலாமா?"

வெகுநேரம் யோசித்து ஒரு பெயர் சொன்னாள். நல்லா இருக்கு என்றேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்பட்டது அந்த ஒரு முறைதான்.