அதிபர் ஊடாக

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானாகச் சொல்லவில்லை, வீட்டிலும் அலுவலகத்திலும் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். "நீர் கோயிலிலை குடுக்கிற புக்கையையும் மணந்து பாத்துத்தான் வாயிலை வைப்பீர்" என்பார் என் கணவர். அதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. கல்வி அலுவலகத்தில் ஆசிரியர் இடமாற்றக் கோவைகளைப் பார்க்கிற கிளாக்கருக்கு அந்தப் புத்தி இல்லாவிட்டால் தீவுப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க ஆள் மிஞ்சாது.

எங்கள் பக்கத்துக்கு நியமனம் கிடைத்தவர்கள் கடமையேற்ற அன்றைக்கே திரும்பிப் போகிற வழியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருட்டோடு வெளிக்கிட்டு, பஸ்ஸில் புங்குடுதீவு தாண்டி, இறங்குதுறையில் காத்திருந்து, படகேறிப் போய் மணியடிக்குமுன் ஒப்பமிட வேண்டும். அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. ஆனால் அவர்கள் கொண்டுவருகிற வருத்தங்களைப் பார்த்தால் உங்களுக்கும் என் புத்திதான் வரும். நாரி நோ, முட்டு இழுப்பு, உப்புக் காற்றால் தோல் வருத்தம். முழங்கால் மடிக்க ஏலாது என்று மருத்துவச் சான்றிதழ் தந்த ஒருவரை அடுத்த கிழமையே ஊர்காவற்றுறையில் கரப்பந்து விளையாடக் கண்டேன். புளியங்கூடலில் இருந்து வேலைக்கு வருகிற எனக்கு இந்தப் பகுதியில் கண்கள் அதிகம்.

இன்னொரு நடைமுறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆசிரியர் எங்களுக்கு எந்தக் கடிதம் எழுதினாலும் அது அவருடைய பள்ளிக்கூடத் தலைவரான அதிபரின் கைக்குப் போய், அவருடைய குறிப்போடும் ஒப்பத்தோடும்தான் எங்களிடம் வரும். நாங்கள் ஆசிரியருக்கு எழுதுவதும் அதே வழியால்தான் போகும். கடிதத்தின் தலையில் 'ஊடாக: அதிபர்' என்று இருக்கும். இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்புவதில் நான் பேர்போனவள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு தவணைத் தொடக்கத்தில் அந்த விண்ணப்பம் வந்தது. இருபத்தேழு வயது ஆசிரியை. படகில் போகவேண்டிய ஒரு தீவில் சின்னப் பள்ளிக்கூடம். தீவின் பேரையும் எழுதமாட்டேன், ஆட்களின் பேரையும் எழுதமாட்டேன். பேரை எழுதினால் எங்கள் சனம் விஷயத்தை விட்டுவிட்டுப் பேருக்குப் பின்னால் போய்விடும். இடமாற்றத்துக்குக் காரணம், கடற்பயணம் ஒத்துவரவில்லை, தலைச்சுற்று, வாந்தி. சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது.

கோவையைப் புரட்டினேன். பிறந்த இடம் அனலைதீவு. உயர்தரம் படித்தது ஊர்காவற்றுறையில். அனலைதீவில் பிறந்த பிள்ளைக்குப் படகு ஒத்துவரவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதிபரின் குறிப்பைப் பார்த்ததும் சந்தேகம் இரட்டித்தது. அந்த மனுசன் ஆட்களை இலேசில் விடுகிறவர் அல்ல. தாயின் சத்திரசிகிச்சைக்காக இடமாற்றம் கேட்ட கணித ஆசிரியரை, பதில் ஆள் வரட்டும் என்று எட்டு மாதம் இழுத்தடித்தவர். இவளுக்கோ, அவள் எழுதிய அன்றைக்கே சிபாரிசு. 'உடனடியாக விடுவிப்பதில் ஆட்சேபணை இல்லை' என்று வடிவான கையெழுத்து. யோசித்துப் பார்த்தால், முந்தின ஐந்து வருடத்தில் அதே பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி மூன்று பேர் போயிருந்தார்கள். மூன்று பேரும் கலியாணமாகாத இளம் ஆசிரியைகள். மூன்று பேருக்கும் வருத்தம், மூன்று பேருக்கும் அன்றைக்கே சிபாரிசு.

இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். இந்தப் பெட்டைகள் கண்ணைக் கசக்கி அந்த மனுசனை மடக்கிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். பாவம், இளகின மனசு என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

அன்றைக்கே விளக்கம் கோரி ஒரு கடிதம் தயாரித்தேன். தாங்கள் பிறப்பிலேயே தீவுவாசி எனக் கோவையில் காணப்படுவதால், மேற்படி நோய் எப்போது ஆரம்பித்தது என்பதை விளக்கவும். சான்றிதழ் பொய்யானதெனக் காணப்பட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும். 'பிறப்பிலேயே தீவுவாசி' என்ற வரியை வாசித்து எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர் சிரித்தார். எனக்கும் அதில் நல்ல பெருமை. வழமைப்படி 'ஊடாக: அதிபர்' என்று அடித்து, ஒப்பம் வாங்கி, அந்தப் பள்ளிக்கூடத்தின் தபால் பையில் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அவள் நேரில் வந்தாள். மெலிந்த பிள்ளை, தோளில் கறுப்புப் பை.

"அக்கா, நீங்கள்தானே இடமாற்றம் பாக்கிறது?"

பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னதும் எனக்கு வாய் துருதுருத்தது. "ஓ, கடல் ஒத்துவராத ஆளோ. அப்ப அனலைதீவிலையிருந்து நீந்தியோ ஊர்காவற்றுறைக்குப் படிக்க வந்தனீர்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை.

"சான்றிதழ் பொய்தான் அக்கா" என்றாள்.

அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. குறுக்குக் கேள்விகளோடு காத்திருந்தவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. அவள் பக்கத்து மேசையை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் போனை என் முன் வைத்தாள். அதிபர் அனுப்பிய செய்தி.

"கல்விக் கந்தோரிலை உம்மை நம்பேல்லைப் போலை. கடிதம் என்னட்டை இருக்கு. நான் ஒரு சொல் சொன்னால் எல்லாம் சரிவரும். சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாரும், ஆறுதலாக் கதைப்பம்."

சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் பூனைகூட இராது. நான் எழுதிய கடிதத்தை அவர் அவளிடம் கொடுக்கவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவளை எங்கள் தேநீர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினேன். மெல்லச் சொன்னாள்.

"படகு ரண்டு மணிக்கு அக்கா. எல்லாரும் ஒண்டரைக்கு இறங்குதுறைக்கு நடக்கத் தொடங்குவினம். என்ரை பாடக்குறிப்பை மட்டும் அவர் கடைசியாத்தான் பாக்க எடுப்பார். உள்ளுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, பக்கம் பக்கமாப் பாப்பார். என்னைப் பற்றித்தான் கதைப்பார், குறிப்பைப் பற்றி இல்லை. மற்ற ஆக்கள் போனாப் பிறகு, 'இனி நடந்து போய்ப் பிடிக்கமாட்டீர், மோட்டச்சைக்கிளிலை ஏறும்' எண்டுவார். நான் ஏறாமல் ஓடுவன். போன மாதம் கையைப் பிடிச்சு இழுத்தவர்."

அதோடு நிறுத்தினாள். நானும் மேலே கேட்கவில்லை.

"படகிலை ஏறினாத்தான் எனக்கு மூச்சு வரும். அந்தப் படகையே ஒத்துவரேல்லை எண்டு எழுதினனான்."

"உதை நீர் முதலே எங்களுக்கு எழுதியிருக்கலாமே பிள்ளை?"

"எழுதினால் ஆருக்கூடாக அக்கா அனுப்பிறது?"

அவளுக்குப் பின்னால் சுவரில், நானே ஒட்டிய சுவரொட்டி இருந்தது. வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவா, மௌனம் வேண்டாம், உங்கள் நிறுவனத் தலைவரிடம் முறையிடுங்கள். அது வந்த கிழமை எங்கள் மண்டபத்தில் ஒரு செயலமர்வும் நடந்தது. அந்த அதிபர் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தார், நன்றியுரை சொன்னார், பிறகு தேநீரோடு எங்களுக்கு ரோல்ஸ் தட்டை நீட்டினார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மேசைக்குத் திரும்பி, அலுமாரியைத் திறந்து பழைய மூன்று கோவைகளையும் எடுத்தேன். ஒரே கையெழுத்து, ஒரே ஆட்சேபணையின்மை. அவர் அவர்களை விடுவிக்கவில்லை, அவர்கள் வாயைத் திறக்குமுன் அனுப்பிவிட்டிருக்கிறார். அடுத்த வெற்றிடத்துக்கு அடுத்த பிள்ளையை அனுப்பியது எங்கள் அலுவலகம். அந்த நியமனக் கடிதங்களிலும் கீழ் மூலையில் என் சுருக்கொப்பம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் முக்கால் பங்கு என்மேல்தான்.

அவள் தேநீர் அறையிலேயே இருந்து முறைப்பாட்டை எழுதினாள். தலையில் 'ஊடாக' இல்லை. நான் முத்திரையை எடுத்ததும் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"உது அதிபருக்கூடாக வரேல்லையே அக்கா. பிறகு எங்களைத்தான் கேப்பினம்."

"கேக்கட்டும்" என்று முத்திரையைக் குத்தினேன்.

பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்தார். கெட்டவர் அல்ல, பயந்தவர். "ஒரு பக்கத்துக் கதையாக் கிடக்கு. அதோடை பொய்ச் சான்றிதழ் தந்த பிள்ளை. நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள். அவவின்ரை சொல்லை மட்டும் வைச்சு நான் என்னெண்டு ஒரு அதிபரிலை கைவைக்கிறது?" நான் பெருமையோடு தோண்டி எடுத்தது அவளுக்கே குழியாகிவிட்டது. கடைசியில் சொன்னார்: "முந்தி அங்கை இருந்த ஆராவது எழுத்திலை தரட்டும். அண்டைக்கே இவவை வேறை பள்ளிக்கூடத்திலை இணைச்சு விசாரணையைத் தொடங்குவம். வெள்ளிமட்டும் லீவிலை நிக்கட்டும். இல்லாட்டித் திங்கட்கிழமை கடமைக்குப் போகத்தான் வேணும்."

அவளிடம் வந்து சொன்னேன். "நான் போகன் அக்கா. வேலையை விட்டிடுவன்" என்றாள். அவளுடைய குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை அது.

அன்றைக்குப் பின்னேரம் என் சந்தேகம் எல்லாப் பக்கமும் ஓடியது. பக்கத்து மேசைக்காரர் வேப்பமரத்தடியில் நின்று யாருடனோ போனில் கதைத்தார். காவலாளி வழமைக்கு மாறாக என்னிடம் சுகம் விசாரித்தார். நாலு மணிக்கு என் போன் அடித்தது. அந்த அதிபர்.

"என்ன தங்கச்சி, எங்கடை ரீச்சர் ஒராள் அங்கை வந்தவவாமே?"

குரலில் சீனி வழிந்தது. "வந்தவ சேர். மெடிக்கல் விசயமா" என்றேன். அவருக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்றுவரை இரண்டு பேரையும் நான் நம்புவதுமில்லை.

மூன்று பழைய ஆசிரியைகளுக்கும் போன் எடுத்தேன். ஒருத்தி, பிழையான இலக்கம் என்று சொல்லி வைத்துவிட்டாள். குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். இன்னொருத்தி, "கலியாணம் பேசி முடிஞ்சு போச்சு அக்கா, இனி உதைக் கிளற ஏலாது, குறை நினையாதேங்கோ" என்றாள். கடைசியாக, அவர்களில் முதலாவதாக இடமாற்றம் பெற்றுப் போனவளுக்கு எடுத்தேன். அவள் இப்போது கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"வெள்ளிக்கிழமை வாறன்" என்றாள்.

வியாழன் முழுக்க அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கணவரிடம் சொல்லியிருப்பாள், அவர் மறித்திருப்பார். வெள்ளி பதினொரு மணிவரை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் யன்னலைப் பார்த்தேன். வந்தாள். கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றார்.

கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மடிப்புகள் பிய்கிற நிலையில் இருந்தன. பணிப்பாளருக்கு விலாசமிட்ட இரண்டு பக்கக் கடிதம். ரண்டு மணிப் படகு, பாடக்குறிப்பு, சாத்தின கதவு, எல்லாம் அதில் இருந்தன. தலையில் 'ஊடாக' இல்லை. திகதியைப் பார்த்தேன்.

"திகதியிலை வருசத்தைப் பிழையா எழுதிப்போட்டீர் போலை. அஞ்சு வருசத்துக்கு முந்தினதைப் போட்டிருக்கிறீர்."

"இல்லை அக்கா. அப்ப எழுதினதுதான்."

"அப்ப ஏன் எங்களிட்டைத் தரேல்லை?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது.

"தரத்தான் வந்தனான். இதிலைதான் நிண்டனான், இது கையிலை இருந்தது. நீங்கள் என்ரை மெடிக்கலைப் பாத்திட்டு, 'உமக்கென்ன வருத்தம், நல்ல கொழுகொழு எண்டுதானே இருக்கிறீர்' எண்டு கேட்டனீங்கள். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சிட்டுப் போட்டன்."

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் சொல்லியிருக்கக்கூடிய வசனம்தான் அது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

"புதுசா எழுதித் தரவோ அக்கா, இண்டைய திகதி போட்டு?"

"வேண்டாம்" என்றேன். தாளைப் பிய்யாமல் விரித்துப் பிடித்து முத்திரையைக் குத்தினேன். பின்னேரமே பணிப்பாளர் ஒப்பமிட்டார். திங்கட்கிழமை அந்த இளம் ஆசிரியை பஸ்ஸில் போய் வேறொரு பள்ளிக்கூடத்தில் கடமையேற்றாள், அதிபர்மேல் விசாரணை தொடங்கியது.

கோவையில் அந்தக் கடிதம் முதல் தாளாக இருக்கிறது. மேலே அவள் எழுதிய திகதி, கீழே நான் குத்திய திகதி. அந்த இரண்டுக்கும் இடையில் அவளுடைய இடத்துக்கு மூன்று பேரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.