கட்டைவிரலும் பிள்ளையும்

என் மகன் தவழத் தொடங்கியிருந்த நாட்களில், என் வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு வலி வந்தது. முதலில் ஈரத்துணி பிழியும்போது சுருக்கென்றது. பிறகு பால் டம்ளரைப் பிடிக்கும்போது. கடைசியில், பிள்ளையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கும்போது. அந்த ஒரு நொடி கையில் பலமே இருக்காது. நழுவிவிடுவானோ என்று சட்டென மார்போடு சேர்த்துக்கொள்வேன்.

அது குறுவை அறுவடை முடிந்த சமயம். ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் புதிய கொடிக்கம்பங்கள் நின்ற காலம். கூலி நெல்லை உயர்த்தும்வரை யார் வீட்டு வேலைக்கும் போவதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எங்களுடையது பெரிய பண்ணை இல்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், கணவருக்கு வாத்தியார் வேலை. ஆனாலும் நெல் அவிக்க, காயவைக்க, மில்லிலிருந்து வந்த அரிசியைப் புடைக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளும் நின்றுவிட்டாள். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. நியாயம் என்று நினைத்துக்கொண்டே முறத்தைக் கையில் எடுத்தேன்.

முறத்தைப் பிடித்துப் புடைக்கும்போது பாரம் முழுவதையும் கட்டைவிரல்தான் தாங்குகிறது. புடைத்துப் பார்க்கும்வரை எனக்கு அது தெரியாது. நான் படித்த ஆசிரியப் பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

வலியை மாமியாரிடம் சொல்லவில்லை. படித்த மருமகள் வேலைக்குச் சாக்கு தேடுகிறாள் என்று ஆகிவிடுமோ என்ற பயம். வேலையைக் குறைக்காமல், பிள்ளையைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் தலைகீழாகத் தெரிகிறது. அன்று அதுதான் பொறுப்பு என்று பட்டது.

"அத்தை, அழறான், கொஞ்சம் எடுங்களேன்."

"ஏம்மா, பெத்தவ நீயா நானா?" என்று முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாலைந்து முறைக்குப் பிறகு சிரிப்பு இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் இடுப்பில் இருந்தவனை வா என்று கை நீட்டிக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பசிக்கு மட்டும் என்னிடம் வருகிறவனாக ஆகிவிடுவானோ என்ற எண்ணம் அன்றைக்கு உள்ளே புகுந்தது.

அடுத்த எண்ணெய்க் குளியலில் அது நடந்தது. கால்களை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் கிடத்தித் தேய்த்துவிட்டு, எடுத்து நிமிர்த்தினேன். விரல் விட்டுவிட்டது. மீன் மாதிரி வழுக்கி என் மடியிலேயே விழுந்தான். ஒன்றும் ஆகவில்லை, அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் செம்பைக் கீழே வைத்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாத கையா பிள்ளையை நழுவவிடுது?"

மறுநாள் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் கட்டைவிரலை மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். கத்திவிட்டேன்.

"கைக்குழந்தைக்காரங்களுக்கு வர்றதுதாம்மா. பிள்ளையை விரலை விரிச்சுத் தூக்காதீங்க. உள்ளங்கையை அடியில குடுத்து அள்ளுங்க. கட்டைவிரலுக்கு ஓய்வு வேணும்."

"முறம் புடைக்கலாமா டாக்டர்?"

"முறத்தைத் தொடவே கூடாது."

விரல் அசையாமல் கட்டுப் போட்டு அனுப்பினார். "அப்ப எல்லாரும் கல்லும் சோறுமா திங்கவேண்டியதுதான்" என்றார் மாமியார். சொல்லிவிட்டு முறத்தோடு அவரே உட்கார்ந்தார். கணவர் நெல்லைக் கிளறப் போய், பாதியைக் களத்துக்கு வெளியே தள்ளினார்.

எனக்குச் சில பழக்கங்கள் மாறின. குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அணைத்து எடுத்தேன். துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டுச் சொட்டவிட்டேன். சாயங்காலம் கட்டை அவிழ்த்து, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். எல்லாவற்றையும்விட, பிள்ளையைத் தரையிலிருந்து குனிந்து தூக்குவதை விட்டேன். அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்வேன். அவனாக வந்து மடியில் ஏறினால், அள்ளிக்கொள்ளலாம்.

அவன் வரவில்லை. கொஞ்ச தூரம் தவழ்வான், என்னைப் பார்ப்பான், மாமியார் இருக்கும் பக்கம் திரும்பிவிடுவான். ஒரு கையைக் காப்பாற்ற, அழுகிற பிள்ளையைத் தரையில் விட்டுவைப்பது சரியா? விரல் ஆறி, இவன் மனசு ஆறாமல் போய்விட்டால்? தினமும் கேட்டுக்கொண்டேன், தினமும் உட்கார்ந்தேன்.

கூலி பேசி முடிந்து, அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"என்னங்க சின்னம்மா, கையில கட்டு?"

"முறம் புடைச்சது."

சிரித்துவிட்டாள். "எனக்கு இந்தத் தோள்பட்டை போன வருஷத்துலேருந்து புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வீட்டுல இருந்தேனா, விட்டுடுச்சு. உங்க வீட்டு வலி என்னை விட்டுட்டு உங்ககிட்ட வந்துடுச்சு போல."

"கூலி கூடினதும் வாயும் கூடிப்போச்சு பாரு" என்றார் மாமியார்.

"கூலிதாங்க இப்ப கூடுச்சு. வாய் முன்னாடியே இருந்துச்சு."

மாமியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் புடைப்பதற்கு நடுவே தோளைத் தூணில் வைத்துத் தேய்த்துக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதுகு அரிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல புடைக்க வேணாம். பாதி இன்னைக்கு, பாதி நாளைக்கு" என்றேன். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் தோளை நினைத்துச் சொன்னேனா, என் விரல் சொல்லவைத்ததா, தெரியவில்லை.

அவள் புடைக்க, நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இடது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் பிள்ளையை இறக்கிவிட்டு உள்ளே போனார். அவன் சிதறிய அரிசியின் மேல் தவழ்ந்து வந்தான். நான் கூப்பிடவில்லை. என் முழங்காலில் ஒரு கை வைத்தான். கட்டின் நுனித் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மடியில் ஏறினான்.

என்னிடம் வந்தானா, அந்தத் துணிக்காக வந்தானா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளங்கையை அவனுக்கு அடியில் கொடுத்து அள்ளிக்கொண்டேன். வலிக்கவில்லை.