திருவாதவூர்க் கிணற்றில் இறங்கியவர்கள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. சத்தியசீலனே வாய் திறந்து சொன்னது. கப்பலூரில் அளவுக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் இன்ஜினியர். மீட்டர் முள் காட்டாத எதையும் நம்பாத மனிதர். அவருக்கு முள்ளே காட்டியது.

1986, தை மாதம். கிணற்று நீர்மட்டம் அளக்கும் புதுக் கருவியைச் சோதிக்கத் திருவாதவூர் போயிருந்தார். நல்லகாமன் என்பவரின் வயல் கிணறு. தண்ணீரின் அழுத்தத்தை உணரும் சென்சார் ஒயரில் தொங்கி அடியில் கிடந்தது. மந்தமான சென்சார் அது. கிணறு நிரம்பி நின்றாலும் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் தராது. அந்த முனகலைப் பெருக்கி மீட்டருக்கு அனுப்ப, மோட்டார் ரூமில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகைக் கூட்டினால் மின் இரைச்சலும் சேர்ந்து பெருகும், முள் நடுங்கும். நடுக்கத்தை வடிகட்ட வேண்டும், பூஜ்யத்தைச் சரிசெய்ய வேண்டும், மறுபடி கூட்ட வேண்டும். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கெயினை உச்சத்துக்கே கொண்டுபோய்விட்டார். முள் ஆடாமல் நின்றது.

மறுநாள் உச்சிவெயில். மோட்டார் ஓடவில்லை. காற்றும் இல்லை. முள் துளி ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

இரைச்சல் என்றால் நடுங்கும். சூடு என்றால் மெல்ல நகரும். இதுவோ, தண்ணீருக்குள் ஏதோ இறங்கியதுபோல் சட்டென்று ஏறியிருந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் ஒரு அலைகூட இல்லை. கல் நிரப்பிய சாக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார். முள் இன்னொரு தடவை அதே அளவு ஏறும்வரை கல்லைக் கூட்டினார். பிறகு சாக்கை மேலே இழுத்தார்.

ஒரு சின்னப் பிள்ளையின் பருமன் இருந்தது.

பக்கத்து வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடியிடம், யாராவது கிணற்றில் இறங்கினார்களா என்று கேட்டார். சாக்கையும் காட்டினார். அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். சில வருஷத்துக்கு முன் இதே நேரத்தில் அவளுடைய ஐந்து வயது மகன் இந்தக் கிணற்றில் விழுந்தான். அவள் புருஷன் சோலை கிணற்று மேட்டில்தான் நின்றிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

“பயந்து நின்னுட்டாரு சார். நான் ஓடியாறதுக்குள்ள…”

அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சோலை ஊரைவிட்டே போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று தகவல் இல்லை.

மறுநாள் காலையில் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தார். உச்சிக்கு அவளும் வந்து மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முள் ஏறியது. அதே துளி. அவள் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தியசீலன் கெயின் திருகைத் தொட்டார்.

“அதைக் குறைச்சிராதீக சார்.”

அவர் கையை எடுத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள். உச்சி.

முள் ஏறியது. துளி.

பிறகு…

தொப்பென்று ஒரு சத்தம். கனத்த சத்தம்.

முள் துள்ளி ஏறியது. ஓர் ஆளின் பருமன்.

இருவரும் வெளியே ஓடினார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது.

திரும்பி வந்தார்கள். முள் ஆடியது… ஆடியது…

இறங்கியது.

பெரியதும் சின்னதும் சேர்ந்தே இறங்கின. பூஜ்யத்தில் வந்து நின்றது முள்.

“வெளிய வந்துட்டாகளா?”

“வந்துட்டாங்கம்மா,” என்றார் சத்தியசீலன். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதன்பின் எந்த உச்சியிலும் முள் அசையவில்லை.

பங்குனியில் மோட்டார் சாமான் வாங்கக் கப்பலூர் வந்த நல்லகாமன் அவரைத் தேடிவந்து பார்த்தார். சோலை இறந்துவிட்டானாம். சேலத்தில், காய்ச்சலில், படுத்த படுக்கையில். கூடத் தங்கியிருந்த ஆள் ஊருக்கு வந்து சொல்லியிருக்கிறான். எந்த நாள் என்று சத்தியசீலன் கேட்டார்.

அதே நாள். அதே உச்சி.

அன்னக்கொடி அழவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்.

“நீச்சல் தெரியாமலே எறங்கிட்டாரு.”