வாசல் விளக்கும் என் பி.ஏ. பரீட்சையும்

சொந்த வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லும் உத்தியோகத்தைப் போலக் கெட்ட பெயர் வாங்கித் தரும் உத்தியோகம் வேறு கிடையாது. அந்த உத்தியோகம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நீலகிரியின் பைகாரா மின்சாரம் மலையிறங்கி எங்கள் கோயமுத்தூர் வீட்டுக்குள் நுழைந்த மூன்றாம் மாதம், பரீட்சைக்குப் படிக்கச் சென்னைக் காலேஜிலிருந்து நானும் வந்து சேர்ந்தேன். அந்த மாதம் பில் ஏறிவிட்டது. "உன்ற புஸ்தகந்தான் கரண்டைக் குடிக்குது. அடுத்த பில்லு எறங்கலைன்னா உன்ற ரூம் பல்பைக் கழட்டிப்போடுவேன்" என்றார் அப்பா. ஒரே ஒரு பல்பு! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டு மின்சாரச் சிக்கன இலாகாவை நானே எடுத்துக்கொண்டேன்.

பூச்சிகளின் மாநாடு

எங்கள் வாசலில் நூறு வாட் விளக்கு. பொழுது சாய்ந்தால் விடியும்வரை எரியும். எதிர்வீட்டுப் பஞ்சு வியாபாரி ஒன்று மாட்டினார் என்பதற்காக அப்பாவும் மாட்டியது. அதன் கீழே பூச்சிகள்தான் மாநாடு கூட்டும். என் அறைக்கோ இருபத்தைந்து வாட். "படிக்கிற பெண்ணுக்கு இல்லாத வெளிச்சம் பூச்சிக்கு எதற்கு?" என்று கேட்டேன்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: "அம்மணி, வாசல் இருட்டாக் கெடந்தா நான் நொடிச்சுப்போயிட்டேன்னு பல்லடம் வரைக்கும் பேசுவாங்க. நீ இருட்டுல இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

மகாலட்சுமி வரும் வழி

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டு, அறை அறையாகப் போய் சுவிட்சைப் போட்டு, ஒவ்வொரு பல்புக்கும் ஒரு கும்பிடு போடுவாள். ஏற்றிய விளக்கை அந்த நேரத்தில் அணைப்பது மகா பாவம். நான் பின்னாலேயே அணைத்துக்கொண்டு போனேன். அவள் என் பின்னாலேயே போட்டுக்கொண்டு வந்தாள். "சோள மூட்டை அடுக்கின அறையில் மகாலட்சுமிக்கு என்னம்மா வேலை?" என்று வாதாடினேன்.

"மூட்டை இருக்கற எடத்துக்குத்தான் கண்ணு அவ வருவா. உன்ற ரூமை வேணா அணைச்சுக்க. அங்க இருக்கறது சரஸ்வதி, அவளுக்கு இருட்டுலயும் படிக்கத் தெரியும்!"

அரிசிப் பானை

மீட்டர் பார்க்கிறவர் வீட்டிலுள்ள பல்புகளை எண்ணித்தான் பில் போடுகிறார் என்பது அம்மாவின் முடிவு. தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதோ இல்லையோ, ஸ்டூல் போட்டு ஏறி எல்லாப் பல்புகளையும் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். "எங்கூட்டுல இப்பெல்லாம் வெளக்கே போடறதில்லீங்க" என்று அவரிடம் சத்தியம் வேறு!

அவர் மீட்டரைப் பார்த்தார், காலிக் கம்பிகளைப் பார்த்தார். "நீங்க ஒளிச்சு வெச்சது சரிதானுங்க. மீட்டரு அதுக்கு முன்னாலயே பாத்துப்போட்டுதுங்களே!"

நாற்காலி

பில் இறங்கவில்லை. என் பல்பை அப்பா கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மற்ற பல்புகள் வழக்கம்போல் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. பரீட்சையோ நெருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். நூறு வாட்டின் கீழே உட்கார்ந்து பொருளாதாரத்தை உரக்கப் படித்தேன். பூச்சிகளோடு தெருவும் கூடிவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "உள்ள வந்துரு கண்ணு, மானம் போகுது" என்று கெஞ்சினாள். நான் அடுத்த அத்தியாயத்தைத் திருப்பினேன்.

அப்பா வண்டியிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுப் பஞ்சு வியாபாரி தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்: "ஏனுங்க, உள்ளுக்குள்ள வெளக்குப் போடக் கட்டுப்படி ஆகலீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொண்ணு எங்கூட்டுல வந்து படிச்சிருக்குமுங்களே!"

அப்பாவே ஸ்டூலில் ஏறி என் பல்பை மாட்டி, வாசலுக்குப் பதினைந்து வாட் போதும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அடுத்த பில்லும் இறங்கியது. ஆகவே, வீட்டு மின்சாரத்தில் மிச்சம் பிடிக்க நான் கண்ட ஒரே வழி, அதை நாலு பேர் பார்க்கும்படி உபயோகிப்பதுதான்.