அந்தச் சட்டையை யார் பார்த்தது?

கரும்பலகையில் அணுவின் இலத்திரன் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய இரண்டு நிலைகளையும் எழுதி, நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டு, அக்கா கையைப் பலகையிலிருந்து எடுக்காமல் நின்றார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது அவர் அப்படி நின்றதுதான். மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் நாங்கள் இருவரும் பௌதிகம் கற்பித்தோம்; வயதில் மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்பேன். ஒரே அறையில் மேசை போட்டிருந்தோம். அவருடைய தம்பி, போர்க்காலத்தில் கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன். அதன்பிறகு அவனை யாரும் காணவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தவரிடம், ஆறுதல் என்று நினைத்து ஒன்றைச் சொன்னேன்: "அளந்து பாக்கிற வரைக்கும் ரெண்டு நிலையும் உண்மைதானே அக்கா. தம்பியையும் அப்பிடி நினைச்சா என்ன?"

அவர் கோபிக்கவில்லை. "இல்ல தங்கச்சி. அளக்க முன்ன இலத்திரன் எந்த நிலையில எண்டதுக்கு விடையே இல்ல. இது வேற. தம்பி ஒண்டில் இரிக்கான், இல்லாட்டி இல்ல. விடை எங்கயோ இரிக்கி. எனக்குத்தான் தெரியா."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அளக்கும்போது பல நிலைகளில் ஒன்று மட்டும் எப்படி மிஞ்சுகிறது என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லும்போது குரல் ஏன் தாழ்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. ஒரு புதைகுழியில் கிடைத்த உடுப்புகளை அடையாளம் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். அதிகாரி மண்ணிறக் காகிதப் பொதியை மேசையில் வைத்துப் பிரித்தார்.

"வடிவாப் பாருங்க அம்மா" என்றவர், படிவத்தை நிரப்பக் குனிந்தார்.

அக்கா விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் விரிந்தபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு யன்னல் பக்கம் திரும்பித்தான் திறந்தார்.

"இது அவன்ட இல்ல."

கையெழுத்து வைத்துவிட்டு வந்தோம். பஸ் வாவிப் பாலத்தில் ஏறியபோது என் கையைப் பிடித்தார்.

"அவன்ட சட்டை நீலம். கொலர் கிழிஞ்ச இடத்த நான்தான் கறுப்பு நூலால தச்சன். அது இல்லத்தானே? நீயும் பாத்தாய்தானே?"

"ஓம் அக்கா, பாத்தன். அது இல்ல."

அவர் இறங்கும்வரை என் கையை விடவில்லை. பின்னர் மரபணுச் சோதனைக்கு இரத்தம் தரும்படி கடிதம் வந்தபோது, "அதான் நாங்க ரெண்டு பேரும் பாத்திட்டமே" என்று மடித்து வைத்துவிட்டார். போன வருடம் அக்கா காலமானார். கடைசிவரை தம்பிக்கென்று ஒரு திவசமும் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். கூட்டல் குறியைப் போட்டதும் என் கையும் நின்றுவிடுகிறது. அன்று நான் பார்த்தது அக்காவின் மூடிய கண்களை மட்டுமே. அந்தச் சட்டை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.